கருவாட்டுக் கிடங்கில் ஒரு ஜன்னல்

செங்கல்பட்டில் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். மலேசியாவிலிருந்து கப்பலேறி வந்தவள் பட்டுச்சேலை வாங்கப் போகவில்லை, திருப்பதிக்குப் போகவில்லை, கண்ணாடி வாங்கப் போகிறேன் என்கிறாளே, அந்த ஊரில் கண்ணாடியே கிடையாதா?

என் கணவரின் பெரியப்பா மகன் வீட்டில் தங்கியிருந்தேன். அவர் ரயில்வேயில் கார்டு. அவர் மனைவி கமலா அக்கா எனக்கு இட்லியும் வடைகறியும் வைத்தபடி, கண்ணாடியை உடையாமல் கொண்டுபோய்ச் சேர்க்க முடியுமா என்று கவலைப்பட்டார். உடைந்த வடையை மசாலாவில் போட்டுக் குழம்பாக்கி இட்லிக்குத் தொட்டுக்கொள்வது எனக்குப் புதிது. எங்கள் ஊரில் வடை உடைந்தால் உடைந்த வடைதான். மூன்றாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

நான் வந்த காரியம் இதுதான். தைப்பிங்கில் எங்கள் சிறிய பிரசவ மருத்துவமனைக்குப் புதிதாக ஒரு கூடம் கட்டியிருந்தார்கள். உள்ளே பெண் வலியில் கிடக்கும்போது வெளியே அவள் புருஷனும் தாயும் உட்கார்ந்து காத்திருக்கும் கூடம். அதன் ஒரு சுவரில் ஆள் உயரத்தைப் போல் இரண்டு மடங்குக்கு ஒரு ஒடுங்கிய திறப்பு. அதில் வண்ணக் கண்ணாடி ஜன்னல் வைக்க வேண்டும் என்பது எங்கள் டாக்டரம்மாவின் ஆசை. அவர் சென்னையில் படித்த காலத்தில், விடுதியின் ஜெபக்கூடத்துக் கண்ணாடிகளைச் சீர்செய்ய வந்த ரெஜினா என்ற பெண்ணைத் தெரிந்துவைத்திருந்தார். அந்த ரெஜினா இப்போது மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்தில் இருக்கிறார் என்று தெரிந்து, நீள அகலத்தை எழுதி அனுப்பிவிட்டார். வேலை முடிகிற சமயத்தில் எங்கள் மருத்துவமனையில் தலைமை நர்ஸாக இருந்த எனக்கு விடுப்பு கிடைத்தது. செங்கல்பட்டில் சொந்தமும் இருந்தது. போய் வாங்கி வா என்றார்கள்.

மறுநாள் காலையில் மாமல்லபுரம் பஸ் ஏறினேன். திருக்கழுக்குன்றத்தில் அது கொதித்து நின்றது. முன்பக்கம் ஆவி பறக்க, கண்டக்டர் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனார். எங்கள் ஊரில் பஸ் நின்றால் எல்லோரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இங்கே எல்லோரும் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். சிலர் இறங்கி மலைக்கோயிலில் கழுகு வருகிறதா என்று அண்ணாந்து பார்த்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னாய்யா, வண்டி குளிக்கணும்னா வூட்லயே குளிச்சிட்டு வரக்கூடாதா?" என்று கேட்டாள். கண்டக்டரும் சிரித்துவிட்டார்.

மாமல்லபுரத்தில் இறங்கியதும் தெரு முழுக்கக் கல் கொத்தும் சத்தம். அங்கிருந்து கடலோரமாக வடக்கே நடக்கவேண்டும். வெறுங்கூடையைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு எதிரே வந்த ஒரு மீன்காரப் பெண்ணிடம் வழி கேட்டேன். அவள் பெயர் அஞ்சலை.

"கண்ணாடிக்காரம்மா வூட்டுக்கா? எதுத்த வூடுதான் என்து. வா, நானே வந்து வுட்டுட்டுப் போறேன்" என்று திரும்பி நடந்தாள். வழியெல்லாம் என் செருப்பு மணலில் புதைந்தது. அவள் அதைக் கழற்றி வாங்கித் தன் கூடையில் போட்டுக்கொண்டாள்.

ரெஜினாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். என் நெற்றியிலிருந்த குங்குமத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு குழப்பம். பிறகு சிரித்தார். 'சிஸ்டர் வருகிறார்' என்று டாக்டரம்மா எழுதியிருந்தாராம். கன்னியாஸ்திரீ வரப்போகிறார் என்று நினைத்துப் பெட்டிக்குள் கிடந்த ஏசுநாதர் படத்தைத் தேடி எடுத்து மாட்டி வைத்திருந்தார். அதன்பிறகும் கடைசிவரை என்னைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்.

அவர் வேலை செய்த இடம் முன்பு கருவாட்டுக் கிடங்காக இருந்தது. எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தும் வாடை போகவில்லை. தாழ்ந்த ஓட்டுக்கூரை, ஒரே ஒரு சின்னக் கதவு. கடலைப் பார்த்த சுவரில் இடுப்புயரத்தில் ஒரு ஜன்னல். நடுவே ஒரு மேஜை. மேஜையைச் சுற்றி ஒருவர் பக்கவாட்டில் நடக்கத்தான் இடம். அந்த மேஜையில் கண்ணாடியை வைரக்கத்தியால் வெட்டி, துண்டுகளை ஈயப் பட்டைகளுக்கு நடுவே செருகி, மண்ணெண்ணெய் அடுப்பில் காய்ச்சிய இரும்பால் மூட்டுகளைப் பற்றவைப்பார். காற்று அடித்தால் இரும்பு ஆறிவிடும் என்று அந்தக் கதவையும் சாத்திவிடுவார். உள்ளே நுழைந்த சற்று நேரத்தில் என் சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

எங்கள் ஜன்னல் ஐந்து பலகைகளாக, சுவரோடு சாய்ந்து, ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கி நின்றது. ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்தையும் பொருத்தினால் முழு ஜன்னல். ஒவ்வொன்றையும் தூக்கிக் கடல் வெளிச்சத்தில் காட்டினார். கருநீலம், அடர்பச்சை, மாதுளம்பழச் சிவப்பு. விரல் நக அளவுத் துண்டுகள் நூற்றுக்கணக்கில், அலை அலையாகக் கிடைமட்டமாக ஓடின. வெளியே வெள்ளை மணலில் வெயில் தகித்துக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் பலகைகள் அடுப்புத் தணல் மாதிரி எரிந்தன. கடலைப் பார்த்துப் பார்த்துச் செய்தது போலிருக்கிறது என்றேன்.

"எல்லாரும் அதான் சொல்றாங்க. கடல் இல்ல சிஸ்டர், இந்தக் கதவு. இதுல நுழையுற அளவுக்குத்தான் நான் எதுவும் செய்ய முடியும். மெட்ராஸ்ல இருந்தப்ப இப்படியா செஞ்சேன்?"

சென்னையில் அவர் வேலை செய்த பட்டறை உயரமான செங்கல் கட்டடம். அங்கே வேறு ஆட்கள் வரைவார்கள், இவர் வெட்டுவார். புனிதர்களின் அங்கிகளை முழங்கை நீளக் கண்ணாடியில் ஒரே வீச்சாக வெட்டியிருக்கிறார். முதலாளி தொழிலை விட்டுவிட்டு வெளிநாடு போனபோது, கொஞ்சம் கண்ணாடியை வாங்கிக்கொண்டு, குறைந்த வாடகைக்கு இந்தக் கிடங்கைப் பிடித்தார். பெரிய துண்டை இந்த மேஜையில் திருப்ப முடியாது. அதனால் துண்டுகள் சிறுத்தன. வெளியே மணல் கண்ணைக் கூசவைத்ததில் வெளிர் நிறங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அதனால் நிறங்கள் அடர்ந்தன. தன் மனதிலிருந்து தானே வரைந்து, தானே வெட்டிய முதல் வேலை இது என்றார். ஆனால் முழு ஜன்னலை அவரும் இன்னும் பார்க்கவில்லை. இரண்டு பலகைகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்தாலே கூரை இடித்தது.

கப்பலுக்கு நாள் இருந்தது. அஞ்சலை தன் வீட்டிலேயே என்னைத் தங்கவைத்துக்கொண்டாள். பெட்டியில் அடைக்குமுன் முழு ஜன்னலையும் ஒரு முறை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று ரெஜினா கேட்டார். எங்கே நிறுத்துவது? அஞ்சலைதான் வழி சொன்னாள். குப்பத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்தது. சவுக்குக் கம்பங்கள் நட்டு ஓலை வேய்ந்த பெரிய கொட்டகை. பகலில் காலியாகத்தான் கிடக்கும்.

கொட்டகையின் மேனேஜர் தணிகாசலம் முதலில் யோசித்தார். நான் நர்ஸ் என்று அஞ்சலை சொன்னதும், தயங்கித் தயங்கி, நிறைமாதமாக இருக்கும் தன் மனைவியை ஒரு முறை பார்க்க முடியுமா என்றார். பின்புறக் குடிசைக்குப் போய்ப் பார்த்தேன். காலும் முகமும் வீங்கியிருந்தன. தலைவலி, கண்ணில் பூச்சி பறக்கிறது என்றாள். வலிப்புக்கு முந்தைய அறிகுறிகள். அதற்குமேல் நான் எதையும் விசாரிக்கவில்லை. இன்றைக்கே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சேர்க்கவேண்டும், நாளைக்கு என்று தள்ளக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். தணிகாசலம் கொட்டகைச் சாவியை அஞ்சலையின் கையில் கொடுத்துவிட்டு, வந்த முதல் வண்டியில் மனைவியோடு ஏறிப் போனார். கமலா அக்காவின் முகவரியையும் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் குப்பத்து ஆண்கள் கொட்டகையின் கடல்பக்கத்துத் தட்டிகளைக் கழற்றினார்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே குறுக்குச் சட்டங்கள் கட்டி, கட்டுமரம் கட்டுகிற முடிச்சுகளாலேயே பலகைகளை ஒவ்வொன்றாக மேலே ஏற்றி நிறுத்தினார்கள். நல்ல வெயில். குப்பத்துப் பெண்கள் எல்லோரும் மணல் தரையில் சினிமா பார்ப்பதுபோல் உட்கார்ந்துகொண்டார்கள். கடைசிப் பலகை ஏறியதும் யாரோ விசிலடித்தார்கள். ஓலையின் இருட்டுக்கு நடுவே அடியிலிருந்து உச்சிவரை சிவப்பும் நீலமும் கொழுந்துவிட்டு எரிந்தன. ரெஜினா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு மேகம் வந்தது. ஐப்பசி மாதம். கடலுக்கு மேலே காலையிலிருந்தே திரண்டுகொண்டிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. வெயில் மறைந்ததும் ஜன்னல் அணைந்துபோனது. கீழேயிருந்து மேல்வரை ஒரே கறுப்பு. எங்கேயோ ஒரு சிவப்பு மட்டும் கண் சிமிட்டியது. இவ்வளவு நாள் உட்கார்ந்து வெட்டிய அந்தச் சின்னச் சின்னத் துண்டுகள் எல்லாம் ஒன்றாகக் கலந்து சேறாகத் தெரிந்தன. பெண்கள் மேகம் விலகட்டும் என்று காத்திருந்தார்கள்.

எனக்கு எங்கள் கூடம் நினைவுக்கு வந்தது. தைப்பிங் மலேசியாவிலேயே மழைக்குப் பெயர்போன ஊர். மதியச் சாப்பாடு முடிந்தால் மலையிலிருந்து மேகம் இறங்கிவிடும். சொல்வதா வேண்டாமா என்று தவித்தேன். கலையைப் பற்றி எனக்கென்ன தெரியும்? பேசாமல் பெட்டியில் அடைத்துக்கொண்டு போய்விட்டால் இந்த அம்மாவுக்குத் தெரியவே போவதில்லை. ஆனால் அந்தக் கூடத்தில் உட்காரப்போகிறவர்களை எனக்குத் தெரியும்.

"ரெஜினா, எங்க ஊர்ல மத்தியானம் எப்பவும் இப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அவர் பலகைகளை இறக்கிவிடச் சொன்னார். கிடங்குவரை எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று அஞ்சலை எனக்குச் சுறாப்புட்டு செய்திருந்தாள். தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "ஆறு மாசமா குனிஞ்ச முதுவு நிமிராத செஞ்சத, ஒரே பேச்சுல சாச்சிப்புட்டியேம்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னாள். இஞ்சியும் பூண்டும் மணந்த அந்தப் புட்டை விரலால் கிளறிக்கொண்டிருந்தேன். வார்டில் எத்தனையோ பேருக்குக் கெட்ட செய்தி சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் என் உடம்பில் வெள்ளைச் சீருடை இருந்தது.

காலையில் தூறல். கிடங்கு பூட்டியிருந்தது. தேடிக்கொண்டு கொட்டகைக்குப் போனால், குப்பத்து ஆட்கள் பலகைகளை மறுபடியும் ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். ரெஜினா தனியாக நின்றுகொண்டிருந்தார். பின்னால் பின்னால் நடந்து, புரொஜக்டர் அறைச் சுவரில் முதுகு படும்வரை போவார். அங்கிருந்து பார்ப்பார். மறுபடி முன்னால் வருவார். என்னைப் பார்த்ததும், விட்ட இடத்திலிருந்து பேசுவதுபோலப் பேச ஆரம்பித்தார்.

"கிடங்குல ரெண்டு எட்டு பின்னால வச்சா சுவரு சிஸ்டர். மூக்குகிட்ட வச்சுகிட்டுத்தான் இத்தனை நாளா பார்த்திருக்கேன். அந்தக் கூடம் எப்படி இருக்கும்? ஜன்னலுக்கு வெளியில என்ன இருக்கு?"

நான் சொல்லத் தொடங்கினேன். மலை. அதற்கு முன்னால் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அது வானத்தில் பாதியை மறைக்கும். பெஞ்சுகள் எங்கே என்றார். எதிர்ச்சுவர் ஓரமாக என்றேன். எவ்வளவு தூரத்தில்? சொல்லத் தெரியவில்லை. அந்தக் கூடத்தில் நான் தினமும் நடந்த நடையை அந்த மணலிலேயே நடந்து காட்டினேன். கதவு இங்கே, தண்ணீர்ப் பானை இங்கே, பிரசவ அறைக்குப் போகிற வழி இங்கே. ரெஜினா என் பின்னாலேயே வந்து காலால் கோடு கிழித்தார். பிறகு இருவரும் சேர்ந்து கொட்டகை பெஞ்சுகளை இழுத்துவந்து அந்தக் கோட்டின் மேல் போட்டோம். அவர் உட்கார்ந்து பார்த்தார். உட்கார்ந்த கண்ணுக்கு அடியிலிருந்து இரண்டாவது, மூன்றாவது பலகைகள்தான் நேராகத் தெரிந்தன. அவைதான் எல்லாவற்றையும்விடக் கறுப்பு.

அந்த இரண்டையும் பிரித்துவிடுவதாக முடிவு செய்தார். கப்பலுக்கு முன்னால் முடியுமா என்று நான் கேட்டேன். கொட்டகை தினமும் கிடைத்தால் முடியும் என்றார்.

கேட்கவேண்டிய தேவையே வரவில்லை. தணிகாசலம் செங்கல்பட்டிலிருந்து திரும்பிவந்தார். சேர்த்த மறுநாளே பிரசவம். பெண் குழந்தை, எடை குறைவு, தாய்க்கு ஒருமுறை வலிப்பு கண்டு அடங்கியிருக்கிறது, இப்போது இருவருக்கும் பயமில்லை என்று டாக்டர் சொன்னாராம். கமலா அக்கா மூன்று வேளையும் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்கிறாராம். தணிகாசலம் சொல்லி முடித்ததும் பெஞ்சில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் அழுதார். பிறகு எழுந்து, மழை விடும்வரை படம் ஓட்டப்போவதில்லை, கொட்டகை உங்களுடையது என்றார்.

ரெஜினாவிடம் ஒரே ஒரு பெரிய கண்ணாடி இருந்தது. சென்னைப் பட்டறையிலிருந்து வந்தது. பீரோவுக்குப் பின்னால் சாக்கில் சுற்றிச் சாய்த்து வைத்திருந்தார். கிடங்கு மேஜையைவிடப் பெரியது, அதனால் அதை ஒருநாளும் படுக்க வைத்ததில்லை. குப்பத்து ஆட்கள் இரண்டு பேர் பாய்த்துணியில் தாங்கி, அந்தக் கதவில் சாய்த்து நுழைத்து, கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். மோரில் ஒரு சிட்டிகை மஞ்சள் கலந்ததுபோல ஒரு நிறம். உள்ளே பொடிக்குமிழ்கள்.

மணலைத் தட்டிச் சமன்செய்து, கம்பளி விரித்து, அதன்மேல் படுக்க வைத்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கண்ணாடியின் ஓரத்தில் மண்டியிட்டு, தோளிலிருந்து கையை வீசி ஒரு வளைவு இழுத்தார். சர்ரென்று ஒரு சத்தம். கிடங்கில் மணிக்கட்டு மட்டும் அசைய வேலை செய்த அதே பெண்தானா என்றிருந்தது. கோட்டுக்கு அடியில் மெல்லத் தட்டிக்கொண்டே போனார். வளைவு முழுதும் விரிசல் ஓடி, துண்டு பிரிந்து வந்தது. இரண்டாவது கோட்டில் ஒரு மூலை எல்லை மீறிச் சிதறியது. இன்னொரு கண்ணாடி ஊரில் கிடையாது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ரெஜினா கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, உடைந்த இடத்தில் பச்சைத் துண்டு உள்ளே வருகிற மாதிரி, கண்ணாடியில் போட்டிருந்த கரிக்கோட்டை மாற்றி வரைந்தார். வேலை நின்ற இடத்திலிருந்து தொடர்ந்தது.

அந்த நாட்களில் எனக்கும் வேலை இருந்தது. பழைய பலகைகளிலிருந்து ஈயப் பட்டையைப் பிரித்துத் துண்டுகளை எடுத்துக் கழுவுவது. அஞ்சலை நெத்திலிக் குழம்பும் சோறும் கொண்டுவருவாள். ஓலையில் மழை கொட்டும்போது பேச முடியாது. சாப்பிட்டுக்கொண்டே மூன்று பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்போம். ரெஜினா சாப்பாட்டை விட்டு எழுந்து பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வந்து ஒரு துண்டை மாற்றுவார். அடிப்பலகையின் கருநீலத்தையும் உச்சியையும் அப்படியே விட்டுவிட்டார். சிவப்பை ஏறக்குறைய முழுவதும் எடுத்துவிட்டார். அது அவருக்கு மிகவும் பிடித்த சிவப்பு. எடுத்த துண்டுகளை ஒரு சட்டியில் போட்டு மூடிவைத்தார்.

எல்லாம் முடிந்து ஏற்றி நிறுத்திய அன்று வானம் இருட்டிக்கொண்டு கிடந்தது. நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் நாள் பார்த்த நெருப்பு இல்லை. நடுவே அந்த மஞ்சள் மட்டும் அமைதியாக நின்றது. வெளியில் எங்கும் இல்லாத வெளிச்சம் அதற்குள் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கீழே இருந்த கருநீலம் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. அஞ்சலை ஜன்னலைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். "இப்போ உன் மூஞ்சில வெளிச்சம் வுழுது பாரு" என்றாள்.

கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்த காலம். சாமான் இறக்கிவிட்டுச் சென்னைக்குக் காலியாகத் திரும்பும் லாரி ஒன்றைத் தணிகாசலம் பிடித்துக் கொடுத்தார். வைக்கோல் அடைத்த பெட்டியை ஏற்றினோம். டிரைவருக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. ரெஜினா பின்னால் ஏறி, பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு துறைமுகம்வரை வந்தார். இறங்கியபோது தலைமுடியெல்லாம் வைக்கோல். எங்கள் கூடத்தில் ஜன்னல் நிற்பதை நீங்கள் பார்க்க முடியாமல் போகிறதே என்றேன்.

"பார்த்துட்டேனே சிஸ்டர். உக்காந்தே பார்த்தேன்" என்றார்.

தைப்பிங்கில் அதைப் பொருத்தி முடித்தபோது மழைக்காலம் உச்சத்தில் இருந்தது. ஒரு மதியம் கூடத்தின் வழியாகப் போனேன். வெளியே மழை சன்னமாக, சத்தமில்லாமல் பெய்துகொண்டிருந்தது. ரப்பர் தோட்டத்திலிருந்து மகளின் முதல் பிரசவத்துக்கு வந்த அம்மாள் பெஞ்சில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தார். என் காலடிச் சத்தத்தில் விழித்து ஜன்னலைப் பார்த்தார். மடியிலிருந்த பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"மழை விட்டுருச்சே சிஸ்டர். கடைக்குப் போயி மகளுக்கு ஒரு கோப்பி வாங்கிட்டு வந்துடுறேன்" என்று வாசலுக்குப் போனார். கதவைத் திறந்ததும் சாரல் முகத்தில் அறைந்தது. அப்படியே நின்றுவிட்டு, திரும்பி ஜன்னலைப் பார்த்தார்.